அச்சம் தணிய என்ன வேண்டும்? வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகள், முதியவர்கள், வீட்டு விலங்குகள் ஆகியோரின் அச்சம் குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் ஒன்று பொதுவாகத் தெரிகிறது. உண்மையான ஆபத்தை எப்படி விலக்குவது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. எல்லா வசதியும் செய்து கொடுத்த பிறகும், ஆபத்து எதுவும் இல்லாத இடத்திலும், இந்த உயிர் ஏன் நடுங்குகிறது என்பதுதான் பெரும்பாலோர் கேள்வியாக இருக்கிறது. எழுதியவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

என் மகளுக்கு மூன்று வயது. மழலையர் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். வாசலில் என்னைப் பிரியும்போது கதறி அழுகிறாள். "விளையாட்டில் கவனமாக இருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று பள்ளியில் சொல்கிறார்கள். என்னுடைய பழைய நூல் புடவையின் துண்டு ஒன்றை அவள் கையை விட்டு இறக்குவதில்லை. அந்தப் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

வேறு எதைச் செய்தாலும், சொல்லாமல் நழுவுவதை மட்டும் செய்யாதீர்கள். சொல்லிவிட்டுப் போனால் குழந்தை அந்த நேரத்துக்கு அழும். சொல்லாமல் போனால், அம்மா எந்த நொடியிலும் காணாமல் போகக்கூடியவள் என்று கற்றுக்கொள்ளும். இரண்டாவது பாடத்தைக் கற்ற குழந்தை அதன் பிறகு வீட்டிலும் உங்கள் முந்தானையை விடாது, நீங்கள் குளிக்கப் போனாலும் கதவருகே நிற்கும்.

அழுகையையே பாதுகாப்பின்மையின் அடையாளம் என்று எண்ண வேண்டியதில்லை. மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1950களின் நடுப்பகுதியில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்களையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறை ஒன்றில் சற்று நேரம் தாயிடமிருந்து பிரித்து, பிறகு இருவரையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். பிரியும்போது அழுததா இல்லையா என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் அவளிடம் ஓடிச்சென்று, ஆறுதல் பெற்று, மீண்டும் பொம்மையிடம் திரும்ப முடிந்ததா என்பதே அந்தக் குழந்தையின் பாதுகாப்புணர்வைக் காட்டியது. ஆகவே, மாலையில் நீங்கள் போய் நிற்கும்போது உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்பதைக் கவனியுங்கள். ஓடிவந்து கட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் வழியில் பார்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள் என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

புடவைத் துண்டைப் பற்றிப் பள்ளியினர் கூறுவதை நான் ஏற்கவில்லை. 1950களில் ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். ஒன்று வெறும் கம்பி வலை, மற்றொன்று மென்மையான துணி சுற்றியது. பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பசியாறும் நேரம் போக மீதி நேரமெல்லாம் துணித் தாயையே பற்றிக்கொண்டு கிடந்தன. புதிய அறையில் துணித் தாயும் உடன் இருந்தால், முதலில் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துவிட்டு, பிறகு அதை விட்டு இறங்கி அங்குள்ள பொருள்களை ஆராயத் தொடங்கின. துணித் தாய் இல்லாவிட்டால் மூலையில் சுருண்டு கிடந்தன. கொடுமையான சோதனைதான், இன்று அத்தகைய ஒன்றுக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஆனாலும் அது காட்டிய உண்மையை மறுக்க முடியாது: பற்றிக்கொள்ள ஒன்று இருக்கிற உயிருக்குத்தான் அதை விட்டு இறங்கிப் போகும் துணிவும் வருகிறது. உங்கள் வாசனை ஊறிய அந்தத் துணியைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டிக் கொடுத்தனுப்புங்கள். அதை எப்போது விடுவது என்பதை அவளே முடிவு செய்வாள்.

மற்றவை எளிய வேலைகள்தாம். தினமும் ஒரே ஆசிரியை அவளை வாசலில் வந்து வாங்கிக்கொள்ளும்படி கேளுங்கள். விடைபெறுவது சுருக்கமாகவும், தினமும் ஒரே மாதிரியாகவும் இருக்கட்டும். அழுகிறாளே என்று மூன்று முறை திரும்பி வந்து அணைப்பது அவளுக்கும் உங்களுக்கும் வேதனையை நீட்டிப்பதாகும். "பன்னிரண்டு மணிக்கு வருவேன்" என்பது மூன்று வயதுக் குழந்தைக்கு எதையும் சொல்லாது. "நீ சோறு சாப்பிட்டுக் கை கழுவினதும் வருவேன்" என்று கூறுங்கள். கூறியபடி அந்த நேரத்துக்கு நில்லுங்கள். பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் ஆகியோரை வீட்டிலுள்ள பெரியவர்கள் யாரேனும் துணைக்கு அழைப்பதாக இருந்தால் அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பல வாரங்கள் கடந்தும் அழுகை குறையாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், குழந்தையைக் குறை கூறுவதற்கு முன் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதை நேரில் சென்று பாருங்கள்.

எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு ஐந்து வயது. தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் உடல் நடுங்கி, எச்சில் வடிய, குளியலறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடும், வெளியே கட்டிப்போட்டால் தானாகப் பழகிவிடும் என்று நண்பர்கள் கூறுகிறார்கள். சென்ற ஆண்டு அப்படியே கட்டினோம். முதலில் இழுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அசையாமல் படுத்துவிட்டது. பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

எடுத்துக்கொள்ள முடியாது. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மெயர் என்ற இருவர் அமெரிக்காவில் நாய்களை வைத்து நடத்திய சோதனை உளவியல் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். தப்பிக்க வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பல, பின்னர் ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையிலும், எழுந்திருக்காமல் முனகிக்கொண்டு படுத்தே கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அமைதியாகத் தெரியும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தையே திருத்தி எழுதினார்கள். நீடித்த துன்பத்தில் செயலற்றுக் கிடப்பது மூளையின் இயல்பான நிலையே. "என் செயலால் இதை மாற்ற முடியும்" என்பதுதான் அனுபவத்தால் கற்றுக்கொள்ள வேண்டியது என்றார்கள். உங்கள் நாய் கயிற்றில் கட்டுண்டு கிடந்தபோது அதற்கு நேர்மாறானதைக் கற்றிருக்கும்.

மாறாக, குளியலறைக்குப் போனபோது அது மிகச் சரியான முடிவை எடுத்தது. மனிதர் கேட்கக்கூடிய மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். நாய் ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் அதற்குக் கேட்கிறது. குளியலறை சிறியது, பெரும்பாலும் பெரிய சன்னல் இல்லாதது, மின்னல் போன்ற வெளிச்சம் உள்ளே வராதது. அங்கே ஒரு பழைய மெத்தையும், நீங்கள் உடுத்திக் கழற்றிய துணி ஒன்றும், தண்ணீரும் வையுங்கள். கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வையுங்கள். விரும்பியபோது வெளியே வர முடியும் என்பது அதற்குத் தெரிய வேண்டும். மின்விசிறியையோ தொலைக்காட்சியையோ ஓடவிட்டால் வெளிச் சத்தம் சற்று மங்கும்.

தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது ஒரு பிழையான தருக்கம். நாய் வேண்டுமென்று செய்யும் செயலுக்குப் பரிசு கொடுத்தால் அந்தச் செயல் பெருகும் என்பது உண்மை. ஆனால் நடுக்கம் அது செய்து காட்டும் வித்தை அன்று. உங்களை ஒட்டி வந்து படுத்தால் தாராளமாகக் கையை வைத்து மெதுவாகத் தடவுங்கள். ஒதுங்கிப் படுக்க விரும்பினால் இழுத்து மடியில் கிடத்தாதீர்கள். நீங்கள் பதறுவதுதான் கெடுதல்.

தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்று அரசு நேரம் குறித்து வருகிறது. தெருவில் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். என்றாலும் நடைப்பயிற்சியையும் உணவையும் அந்த நேரங்களுக்கு வெகுமுன்னதாக முடித்துவிடுங்கள். சங்கிலி இல்லாமல் வெளியே விடவே வேண்டாம், மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் அந்த வாரத்தில் மிகுதி. நடுக்கம் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரைத் தீபாவளியன்று அல்லாமல் இரண்டு வாரம் முன்பே பாருங்கள். அச்சத்தையே குறைக்கும் மருந்தும் உண்டு. அச்சத்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் அசையாமல் செய்யும் மருந்தும் உண்டு. எதைத் தருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான பயிற்சியை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். வெடிச் சத்தப் பதிவை, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மிகமிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, அப்போதெல்லாம் பிடித்த உணவைக் கொடுத்து, பல வாரங்களில் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டுவதே அந்தப் பயிற்சி.

புதிதாக ஒரு கறவை மாடு வாங்கினோம். விற்றவர் வீட்டில் இரு வேளையும் சேர்த்து எட்டு லிட்டர் கறந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினோம். எங்கள் கொட்டகையில் மூன்று லிட்டருக்கு மேல் இறங்கவில்லை. மடி கனமாகவே இருக்கிறது, பாலை அடக்கிக்கொள்கிறது. ஊசி போட்டால் சொரியும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

ஊசி வேண்டாம். பாலுக்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். அது தவிர, அந்த ஊசியில் உள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் உங்கள் மாட்டின் மூளையிலேயே சுரக்கிறது. அதைத் தடுப்பது எது என்று பார்த்தால் போதும்.

மடியிலுள்ள பாலில் சிறு பகுதி மட்டுமே காம்புக்கு மேலுள்ள அறையில் தயாராக இருக்கும். பெரும்பகுதி மடியின் நுண்ணறைகளில் தேங்கி நிற்கும். கன்று முட்டும்போது அல்லது கை பட்டுக் காம்பு நீவப்படும்போது ஆக்சிடோசின் சுரந்து அந்த நுண்ணறைகளைப் பிழிந்து பாலைக் கீழே தள்ளும். மாடு மிரண்டால் அட்ரினலின் பாய்ந்து இந்த வேலையைக் கெடுத்துவிடும். 1941இல் அமெரிக்காவில் எலி, பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை வேடிக்கையான முறையில் காட்டினார்கள்: கறக்கும் நேரத்தில் பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, காதருகே காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் இறங்குவது தடைப்பட்டது. உங்கள் கொட்டகையில் பூனையும் காகிதப் பையும் இல்லை; ஆனால் இடம் புதிது, ஆள் புதிது, வாடை புதிது, பழகிய மந்தையில் ஒன்றும் உடன் இல்லை. மாட்டுக்கு இவ்வளவே போதும்.

கொட்டகைக்குள் போய், மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து நின்று சுற்றிப் பாருங்கள். ஆட்டிசம் உள்ளவரும் கால்நடை நடத்தை அறிஞருமான டெம்பிள் கிராண்டின் அமெரிக்க மாட்டுப் பட்டிகளில் செய்தது இதைத்தான். எந்தத் தடியடிக்கும் அசையாமல் மாடுகள் நின்ற இடங்களில், வேலியில் தொங்கிய ஒரு மேல்சட்டை, ஆடும் சங்கிலி, தேங்கிய நீரில் பளிச்சிடும் வெளிச்சம் போன்ற அற்பமான ஒன்றே காரணமாக இருந்ததை அவர் கண்டார். உங்கள் கூரையில் காற்றுக்கு அடித்துக்கொள்ளும் தகரமோ, கம்பியில் சிக்கிப் படபடக்கும் பிளாஸ்டிக் பையோ இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவட்டமும் தெரியும், பின்புறத்துக்கு நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து ஓசையின்றி வருபவரை அது நம்பாது. குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக வாருங்கள்.

முதல் ஒரு வாரம் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் வேலைகளைச் செய்யட்டும்: தீவனம் வைப்பது, கழுத்தைச் சொறிவது, மடி கழுவுவது, கன்றை விடுவது, கறப்பது. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும்போது விரும்பிக் கழுத்தை நீட்டிக் கொடுக்கும் இடம் கழுத்தின் அடிப்புறமும் அலைதாடியும். அங்கே சொறிந்து கொடுத்தால் தலையைத் தாழ்த்தி நிற்கும். அதுவே கறக்கத் தொடங்கும் நேரம். இன்னொரு மாடோ, அதுவும் இல்லையென்றால் ஓர் ஆடோ பக்கத்தில் கட்டியிருக்கட்டும். ஆடுமாடுகளுக்குத் துணை என்பது எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன்: 2004இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு ஒன்றில், தனியறையில் அடைத்ததால் கத்திக்கொண்டும் படபடத்துக்கொண்டும் இருந்த செம்மறியாடுகளுக்கு வேறொரு செம்மறியின் முகத்தைப் படமாகக் காட்டியபோதே அவற்றின் இதயத் துடிப்பும் பதற்றமும் குறைந்தன. மடி சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் அது மடிநோய். அதற்கு மட்டும் மருத்துவரை உடனே அழையுங்கள்.

தத்தெடுத்த பூனை மூன்று நாளாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. இழுத்து எடுத்துக் கொஞ்சினால் சீறுகிறது.
– வாசகி, மதுரை

இழுக்காதீர்கள். ஒளிந்துகொள்வது பூனையின் நோய் அன்று, அதன் மருந்து. நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில், புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிட விரைவாகத் தெளிந்தன. இரண்டு பக்கமும் வழி வெட்டிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கட்டிலருகே வையுங்கள். உணவை ஓரிடத்திலும், மலம் கழிக்க மண் நிரப்பிய தட்டை உணவிலிருந்து தள்ளி வேறோரிடத்திலும் வைத்துவிட்டு, அறையிலேயே தரையில் அமர்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பூனையைப் பார்க்காமலிருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் மரியாதை. ஒரு நாளுக்கு மேல் எதையும் தின்னாவிட்டால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

என் தந்தைக்கு 78 வயது. தாயார் காலமான பிறகு, மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து சென்னை அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். தனி அறை, ஏ.சி., உதவிக்கு ஓர் ஆள் என்று எல்லாம் செய்திருக்கிறோம். ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் நிலைகொள்ளாமல் தவிக்கிறார். கதவுப் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறார்.
– வாசகர், சென்னை

முதலில் முதியோர் மருத்துவரிடம் காட்டுங்கள். மாலை நேரத்துக் குழப்பம் மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, புதிதாகத் தொடங்கிய ஏதேனும் மாத்திரை ஆகியவற்றாலும் இப்படி நேரலாம். அவற்றில் பல சரிசெய்யக்கூடியவை.

மருத்துவக் காரணம் எதுவும் இல்லையென்றால், உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாக எழுதிய வரியையே மறுபடி படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: "ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை." எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தளத்து முதியவர்களிடம், "உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு" என்று கூறி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கக் கொடுத்தார்கள். திரைப்படம் எந்த நாளில் பார்ப்பது என்பதையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்தினரிடம், "உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்வது எங்கள் பொறுப்பு" என்று கூறிச் செடியையும் கொடுத்து, தண்ணீரைப் பணியாளரே ஊற்றினார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் மற்றவர்களைவிடத் தெளிவாகவும் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தனர். இரண்டு தளங்களிலும் கவனிப்புக்குக் குறைவில்லை என்பதைக் கருதுங்கள்.

கிராமத்தில் உங்கள் தந்தைக்கு எந்தப் படலை எப்போது சாத்துவது, யாருக்கு நெல் அளப்பது, எந்தப் பேருந்தில் யார் வருவார் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. இங்கே யார் வந்து மணியடிக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. வீட்டுச் சாவி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். காலைப் பால் பாக்கெட், மாலை விளக்கு ஏற்றுவது, இரவுப் பூட்டு ஆகிய மூன்றையும் அவருடைய வேலைகளாக அறிவித்துவிடுங்கள். இரவில் ஒரு முறை உடன் நின்று, அவரைப் பூட்டச் செய்து, "அப்பா, பூட்டியாயிற்றா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், "எத்தனை தடவைதான் இழுப்பீர்கள்" என்ற அதட்டலைவிட அது விரைவாகப் பலன் தரும். ஊரிலிருந்து அவருடைய பழைய கட்டிலையும் டிரங்குப் பெட்டியையும் கொண்டுவாருங்கள். வீட்டின் அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் மங்கலான வெளிச்சம் இருக்கட்டும், அறையில் எதையும் அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். யாரேனும் வருவதாக இருந்தால் அன்று காலையிலேயே அவரிடம் கூறிவிடுங்கள்.

வீட்டைச் சுற்றி எட்டு சி.சி.டி.வி. கேமராக்கள் பொருத்தியும் மனைவிக்கு இரவில் பயம் போகவில்லை. செல்பேசியில் கேமராக் காட்சிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு பொருத்தலாமா?
– வாசகர், கரூர்

ஒன்பதாவது கேமராவும் முதல் எட்டும் செய்ததையே செய்யும். நடந்ததைப் பதிவு செய்து, பின்னர் காவல்துறைக்கு உதவும். அந்த அளவில் அது நல்ல கருவி. ஆனால் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி சில நிமிடங்களே நீடிக்கும், அடுத்து மறுபடி பார்க்கத் தூண்டும். நியூயார்க்கின் தெருக்களைப் பற்றி 1961இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், ஒரு தெருவைப் பாதுகாப்பது அங்கே வசிப்பவர்களும் கடைக்காரர்களும் இயல்பாக அதன்மேல் வைத்திருக்கும் கண்கள் என்றார். திண்ணைகளை இடித்து மதில் எழுப்பிய நமக்கு அதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. எதிர்வீட்டில் இருப்பவரின் பெயரும் எண்ணும் உங்கள் மனைவியிடம் இருக்கின்றனவா? இரவு பதினோரு மணிக்கு அழைத்தால் எழுந்து வருவாரா? கேமரா வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டு அந்தக் குடும்பத்தை ஒரு நாள் சாப்பிட அழையுங்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கஜா புயலின்போது கூரை பறந்த வீடுகளின் பிள்ளைகள் எங்கள் பகுதியில் பலர். இப்போது வளர்ந்துவிட்டபோதிலும், வானம் இருட்டினாலே சிலர் முகம் வெளிறிப் போகிறார்கள். அவர்களைப் பார்த்து அவர்களுடைய தம்பி தங்கைகளும் பயப்படுகிறார்கள். நடந்ததையெல்லாம் பேசவைத்தால் மனம் லேசாகும் என்று ஒருவர் கூறினார். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, வேதாரண்யம்

பேச விரும்பும் பிள்ளையைப் பேசவிடுங்கள், விரும்பாத பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். பேரிடரில் சிக்கியவர்களை உட்காரவைத்து நடந்ததை வரிசையாகச் சொல்லச் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அது வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டி, அருகிலிருந்து கேட்பது, உடனடித் தேவைகளை நிறைவேற்றுவது, உறவினரோடு சேர்த்துவைப்பது ஆகியவற்றையே முன்வைக்கிறது.

குழந்தைகளின் அச்சத்தில் எது பெரிது என்பதை இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் கண்டார்கள். 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, சில நாள்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் காப்பகம் நடத்திய ஆனா ஃபிராய்டும் டாரதி பர்லிங்கமும் கவனித்து எழுதியது பலரை வியக்கவைத்தது: குண்டு விழும் நகரில் தாயோடு பதுங்கு அறையில் உறங்கிய குழந்தைகளைவிட, ஆபத்தில்லாத ஊருக்குத் தனியே அனுப்பப்பட்ட குழந்தைகளே பலமுறை அதிகமாகக் கலங்கினர். தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது. அவள் நிதானமாக இருந்தால் பிள்ளை தூங்கியது. இதைக் கண்ட அவர்கள் தங்கள் காப்பகத்திலேயே நாலைந்து குழந்தைகளுக்கு ஒரு செவிலி என்று குடும்பம் போலப் பிரித்துக் கொடுத்தார்கள். உங்கள் வகுப்பிலும், மழை வலுக்கும் நாளில் ஒவ்வொரு சிறு பிள்ளையும் யார் கையைப் பிடிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும்.

அடுத்து, எந்த இருட்டு ஆபத்தானது, எந்த இருட்டு ஆபத்தில்லாதது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். 1970இல் ஜே வைஸ் என்பவர் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார். ஒரே அளவு மின்னதிர்ச்சி பெற்ற எலிகளில், அதிர்ச்சிக்கு முன் எச்சரிக்கை ஒலி கேட்டவற்றுக்கு வயிற்றுப் புண் மிகவும் குறைவாக வந்தது. ஒலி இல்லாத நேரமெல்லாம் ஆபத்து இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மற்ற எலிகளோ ஒவ்வொரு நொடியும் அஞ்சிக்கொண்டிருந்தன. நம் கடற்கரைக்கு அந்த எச்சரிக்கை ஒலி ஏற்கெனவே இருக்கிறது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை என்ன கூறுகின்றன என்பதை ஒரு பாடமாகவே நடத்துங்கள்: முதல் எண் வெகுதூரத்தில் எங்கோ கடலில் உருவாகியிருப்பதைக் குறிக்கும், 8, 9, 10 பெரும் ஆபத்தைக் குறிக்கும், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அன்றாட நிலவரத்தைக் கரும்பலகையில் எழுதும் பொறுப்பை, மிகவும் அஞ்சுகிற பிள்ளையிடமே கொடுங்கள். கூண்டு ஏறாத நாளில் பெய்வது வெறும் மழை என்று அவனே மற்றவர்களுக்குக் கூற வேண்டிவரும்.

அப்படியே, வீட்டிலிருந்து புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஒரு முறை வகுப்போடு நடந்து சென்று வாருங்கள். ரேஷன் அட்டை, டார்ச் விளக்கு, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை ஒரு பையில் எடுத்துவைக்கும் வேலையைப் பெற்றோர் பிள்ளைகளிடம் விடட்டும். புயலை வரைகிறார்கள், காகிதக் கூரையைக் கட்டி ஊதிப் பறக்கவிட்டு விளையாடுகிறார்கள் என்றால் தடுக்காதீர்கள். அந்த விளையாட்டில் காற்று அவர்கள் சொன்னபடி கேட்கிறது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டோ, பள்ளிக்கே வராமலோ இருக்கும் பிள்ளைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உதவி தேவை.

எங்கள் குழந்தை குறைமாதத்தில் 1.6 கிலோ எடையில் பிறந்திருக்கிறது. தாய் அதைத் தோலோடு தோலாக மார்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மனைவி மிகவும் சோர்ந்திருக்கிறார். தந்தையான நானும் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், விழுப்புரம்

கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளைக் கிடத்தி, தொற்றால் பலவற்றை இழந்துகொண்டிருந்த ஒரு மருத்துவமனையில், 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. கங்காரு முறை என்று இன்று உலகம் முழுவதும் பெயர் பெற்றுவிட்டது. பெரியவரின் உடற்சூடு குழந்தையின் வெப்பத்தைக் காக்கிறது, மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன, அழுகை குறைகிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை எடையுள்ள குழந்தைகளிடம் நடந்து, 2021இல் வெளியான ஆய்வில், குழந்தையின் உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு தாயால் மட்டும் அவ்வளவு நேரம் இயலாது என்பதால் தந்தையோ பாட்டியோ மாற்றிக்கொள்வதே நடைமுறை.

குளித்துவிட்டு, வாசனைத் திரவியமோ புகையிலை வாடையோ இல்லாமல், பனியன் அணியாமல், முன்புறம் திறக்கும் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போதும். மார்பின் நடுவில் நிமிர்ந்த நிலையில், தலையை ஒரு பக்கம் திருப்பி, மூச்சு தடைப்படாதபடி கழுத்தைச் சற்றே நிமிர்த்தி வைத்து, துணியால் இறுக்கமாக, ஆனால் நெரிக்காமல் கட்ட வேண்டும். முதல் முறை செவிலியர் கட்டிக் காட்டட்டும். சாய்வு நாற்காலியில் ஏறத்தாழ அரைச் சாய்வாக அமருங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு மணி நேரமாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதால், தண்ணீர் குடிப்பது, அலுவலகத்துக்குப் பேசுவது முதலிய வேலைகளை முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.